கோ மொழியில் மேப்பும் ரிஃப்ளெக்ஷனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோ மொழியில் ஓரளவு எழுதிப் பழகியவர்களுக்கான பக்கம் இது. மேப் என்றால் என்ன என்று இங்கே விளக்கப் போவதில்லை. நிரல் ஓடும்போதே ஒன்றின் டைப்பைக் கேட்டறிந்து அதைக் கையாளுவதுதான் ரிஃப்ளெக்ஷன், அதற்கான பேக்கேஜ் ரிஃப்ளெக்ட். அதன் வழியாக ஒரு மேப்பைத் தொடும்போது எங்கெங்கே கால் இடறும், ஏன் இடறும் என்பதுதான் விஷயம். ஃபங்ஷன் பெயர்களை உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். மேப்பில் கீக்கு எதிரே இருப்பதை ‘மதிப்பு’ என்றும், ரிஃப்ளெக்ட் பேக்கேஜ் தரும் உறையை ‘வேல்யூ’ என்றும் சொல்கிறேன். இரண்டும் குழம்பினால் பாதி பதில்கள் புரியாது.

டைப் எல்லாம் கம்பைலருக்கே தெரிகிற மொழியில் ரிஃப்ளெக்ஷன் எதற்கு?

கம்பைலருக்குத் தெரியும். உங்கள் லைப்ரரியை எழுதும் நேரத்தில் உங்களுக்குத் தெரியாது. அதுதான் சிக்கல்.

ஜேசான் பேக்கேஜையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிரலில் ஊழியர் எண்ணைக் கீயாகவும் சம்பள விவரத்தை மதிப்பாகவும் கொண்ட ஒரு மேப் டைப் இருக்கும் என்று அதை எழுதியவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ஆனாலும் அது அந்த மேப்பை நிரப்பித் தருகிறது. நிரல் ஓடும்போது ‘இது என்ன டைப், கீ என்ன, மதிப்பு என்ன’ என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வேலையை முடிக்கிறது. டெம்ப்ளேட் பேக்கேஜ், எஃப்எம்டி பேக்கேஜ், கான்ஃபிக் கோப்பை ஸ்ட்ரக்டில் ஏற்றும் லைப்ரரிகள், டேட்டாபேஸ் வரிசையை ஸ்ட்ரக்டாக மாற்றும் கருவிகள் எல்லாம் இதே வழியில்தான் போகின்றன.

ஜெனரிக்ஸ் வந்துவிட்டதே, இன்னும் இது தேவையா?

முன்பைவிடக் குறைவாக. 2022 மார்ச்சில் வந்த கோ 1.18 பதிப்பில் ஜெனரிக்ஸ் சேர்ந்தது. 2023 ஆகஸ்டில் வந்த 1.21 பதிப்பில் மேப்ஸ் என்ற பேக்கேஜே வந்துவிட்டது. ஒரு மேப்பை நகலெடுக்க, இரண்டை ஒப்பிட, ஒன்றை இன்னொன்றில் கொட்ட, நிபந்தனைப்படி சில கீகளை அழிக்க எல்லாவற்றுக்கும் அதில் ஃபங்ஷன் உண்டு. அழைப்பவரின் நிரலில் கீ டைப்பும் மதிப்பு டைப்பும் தெரிந்திருந்தால் ஜெனரிக்ஸ் போதும். ‘எந்த மேப்பிலிருந்தும் கீகளை எடுத்துத் தரும்’ ரிஃப்ளெக்ஷன் ஃபங்ஷன் ஒன்றைப் பழைய புராஜெக்ட்களில் இன்னும் பார்க்கலாம். அதைத் தைரியமாக அழித்துவிடுங்கள்.

ஜெனரிக்ஸ் கைவிடும் இடம் வேறு. ஒரு ஸ்ட்ரக்ட், அதற்குள் ஒரு மேப், அந்த மேப்பின் மதிப்பாக இன்னொரு ஸ்ட்ரக்ட், அதற்குள் மறுபடி ஒரு மேப் என்று எத்தனை அடுக்கு என்றே தெரியாமல் இறங்கிப் போக வேண்டுமானால் ரிஃப்ளெக்ஷன்தான் வழி.

கையில் இருப்பது மேப்தானா என்று எப்படிப் பார்ப்பது?

வேல்யூஆஃப் என்ற ஃபங்ஷனுக்கு அதைக் கொடுத்தால் வேல்யூ வரும், அதில் கைண்ட் என்ற மெத்தடை அழையுங்கள். விடை மேப் என்றால் மேப். டைப் ஸ்விட்ச் போதாதா என்று கேட்பவர்கள் நிறைய. போதாது.

எச்டிடிபி பேக்கேஜில் ஹெடர் என்று ஒரு டைப் இருக்கிறது. உள்ளே பார்த்தால் அது மேப்[ஸ்ட்ரிங்][]ஸ்ட்ரிங். யூஆர்எல் பேக்கேஜில் உள்ள வேல்யூஸ் டைப்பும் அதே அமைப்புதான். ஆனால் டைப் ஸ்விட்சில் ‘மேப்[ஸ்ட்ரிங்][]ஸ்ட்ரிங்’ என்று ஒரு கேஸ் எழுதிவிட்டு ஹெடரைக் கொடுத்தால் அந்தக் கேஸுக்குள் போகாது, ஏனென்றால் பெயரிட்ட டைப் வேறு, பெயரில்லாத டைப் வேறு. கைண்ட் அந்தப் பெயரைப் பார்ப்பதில்லை, அடியில் இருக்கும் அமைப்பை மட்டும் பார்க்கிறது. அதனால் மூன்றுக்குமே மேப் என்றே சொல்லும்.

கீ என்ன டைப், மதிப்பு என்ன டைப்?

டைப்பை எடுத்து, கீக்கு ‘கீ’ மெத்தட், மதிப்புக்கு ‘எலெம்’ மெத்தட். மேப் அல்லாத டைப்பில் ‘கீ’ மெத்தடை அழைத்தால் பேனிக் ஆகும், அதாவது ஓடும்போதே நிரல் உடையும். அதனால் முதலில் கைண்ட், அப்புறம்தான் இது.

ஒரு கீயின் மதிப்பை எடுக்கிறேன். கீ இல்லையென்றால் என்ன வரும்?

மேப்இன்டெக்ஸ் என்ற மெத்தட் கீயை வாங்கிக்கொண்டு மதிப்பைத் தருகிறது. வழக்கமான கோ நிரலில் இல்லாத கீயைக் கேட்டால் அந்த டைப்பின் பூஜ்ய மதிப்பு வருமல்லவா, இன்ட் என்றால் 0, ஸ்ட்ரிங் என்றால் வெற்று ஸ்ட்ரிங்? ரிஃப்ளெக்ஷனில் அப்படி இல்லை. வருவது உள்ளே எதுவுமே இல்லாத ஒரு வேல்யூ. அதற்கு டைப் கிடையாது. கைண்ட் கேட்டால் ‘இன்வேலிட்’ என்று சொல்லும். இஸ்வேலிட் கேட்டால் பொய் என்று வரும். வேறு எதைக் கேட்டாலும் பெரும்பாலும் பேனிக்தான். இனி இதை ‘வெற்று வேல்யூ’ என்று அழைக்கிறேன்.

இங்கே இஸ்ஜீரோவைப் பயன்படுத்துபவர்கள் உண்டு. அது வேறு கேள்வி, உள்ளே இருப்பது பூஜ்ய மதிப்பா என்பது. காய்கறிகளைக் கீயாகக் கொண்ட ஒரு மேப்பில் வெங்காயத்துக்கு எதிரே 0 என்று பதிந்திருந்தால் இஸ்வேலிட் உண்மை, இஸ்ஜீரோவும் உண்மை. வெங்காயமே மேப்பில் இல்லையென்றால் இஸ்வேலிட் பொய், இஸ்ஜீரோவைக் கேட்டாலோ பேனிக். எப்போதும் இஸ்வேலிட்டை முதலில் கேளுங்கள்.

டெம்ப்ளேட் பேக்கேஜில், இல்லாத கீயைக் கேட்டால் ‘நோ வேல்யூ’ என்று கோண அடைப்புக்குறிக்குள் அச்சாகிப் பார்த்திருப்பீர்கள். அது இந்த வெற்று வேல்யூவேதான், வெளியே தலை காட்டுகிறது. அதைப் பிழையாக நிறுத்த வேண்டுமானால் டெம்ப்ளேட்டில் ‘மிஸ்ஸிங்கீ’ என்ற ஆப்ஷனை ‘எரர்’ என்று வைக்கலாம்.

ஸ்ட்ரிங் கீயைத்தானே கொடுத்தேன், ஏன் பேனிக்?

மேப்பின் கீ டைப் வெறும் ஸ்ட்ரிங்காக இருக்காது. ஊர்க்குறியீடு என்றோ வேறெதுவோ பெயரிட்டு, அடியில் ஸ்ட்ரிங்காக இருக்கும் ஒரு டைப்பாக இருக்கும். வழக்கமான நிரலில் மேற்கோள் குறிக்குள் எழுதும் ஸ்ட்ரிங்குக்கு நிலையான டைப் இல்லாததால் கம்பைலர் அதைப் பேசாமல் ஏற்றுக்கொள்கிறது. வேல்யூஆஃப் வழியாகப் போனால் அது உறுதியாக ஸ்ட்ரிங் டைப் ஆகிவிடும். அதை ஊர்க்குறியீட்டுக்கு நேரடியாக வைக்க முடியாது.

மருந்து கன்வர்ட் மெத்தட். மேப்பின் கீ டைப்பை எடுத்து, உங்கள் கீயை அந்த டைப்புக்கு மாற்றிவிட்டு மேப்இன்டெக்ஸுக்குக் கொடுங்கள். ஆனால் கன்வர்டிபிள்டூ ‘முடியும்’ என்று சொன்னதாலேயே கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். கோ மொழியில் இன்ட்டை ஸ்ட்ரிங்காக மாற்ற முடியும். ஆனால் 65 என்பது ‘65’ என்ற எழுத்து வரிசையாக வராது. யூனிகோடில் 65 என்ற எண்ணுக்குரிய ஆங்கிலப் பெரிய ‘ஏ’ எழுத்துதான் வரும். பிழையும் வராது, பேனிக்கும் வராது. தேடிய கீ மட்டும் கிடைக்காது. இரண்டு பக்கமும் ஒரே கைண்ட் என்றால் மட்டும் மாற்றுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் இந்த வம்பே இல்லை. எண்ணை ஸ்ட்ரிங் ஆக்க வேண்டுமானால் அதற்கென்று இருக்கும் எஸ்டிஆர்கான்வ் பேக்கேஜைக் கூப்பிடுங்கள்.

மேப்[ஸ்ட்ரிங்]எனி யிலிருந்து எடுத்தேன். உள்ளே ஸ்ட்ரிங் இருக்கிறது, கைண்ட் மட்டும் இன்டர்ஃபேஸ் என்கிறதே?

சரியாகத்தான் சொல்கிறது. மேப்பின் மதிப்பு டைப் எனி, அதாவது இன்டர்ஃபேஸ். மேப்இன்டெக்ஸ் மேப்பின் அறிவிப்புப்படியே தருகிறது. உள்ளே இருப்பதைப் பார்க்க அந்த வேல்யூவின் மேல் எலெம் மெத்தடை ஒருமுறை அழைக்க வேண்டும். ஜேசானிலிருந்து வரும் மேப்களை நடந்து பார்க்கும் நிரலில் ‘கைண்ட் இன்டர்ஃபேஸ் என்றால் எலெம்’ என்ற வரி முதல் வரியாகவே இருக்கட்டும். நில் இருந்தால் எலெம் வெற்று வேல்யூவைத் தரும். உடனே இஸ்வேலிட் பார்த்துக்கொள்ளுங்கள்.

டைப்பின் எலெம் வேறு, வேல்யூவின் எலெம் வேறு. முதலாவது மேப்பின் மதிப்பு டைப்பைச் சொல்கிறது. இரண்டாவது இன்டர்ஃபேஸையோ பாயின்டரையோ பிரித்து உள்ளே இருப்பதைத் தருகிறது. மேப் வேல்யூவின் மேலேயே எலெம் போட்டால் பேனிக். ஒரே பெயரை இரண்டு வேலைக்கு வைத்தது எனக்குப் பிடித்தமான முடிவு அல்ல.

எழுதுவது எப்படி? மேப்புக்குப் பாயின்டர் கொடுக்க வேண்டுமா?

செட்மேப்இன்டெக்ஸ், கீ, மதிப்பு. பாயின்டர் வேண்டாம். ஒரு இன்ட்டையோ ஸ்ட்ரக்டையோ ரிஃப்ளெக்ஷனில் மாற்ற வேண்டுமானால் பாயின்டர் வழியாகத்தான் போக வேண்டும் என்று படித்திருப்பீர்கள். மேப்புக்கு அது பொருந்தாது. மேப் மாறி என்பதே உள்ளே இருக்கும் ஒரு அமைப்பைச் சுட்டுவதுதான். அந்தச் சுட்டலின் நகல் கையில் இருந்தாலே எழுதலாம்.

பாயின்டர் தேவைப்படும் இடம் ஒன்றுதான், மேப்பையே புதிதாக வைக்கும்போது. அது அடுத்த கேள்வி.

நில் மேப்பில் எழுதினால்?

வழக்கமான நிரலில் ஆவதுபோலவே பேனிக். படிப்பதில் பிரச்சினை இல்லை. மேப்இன்டெக்ஸ் வெற்று வேல்யூ தரும், நீளம் 0 என்று வரும், சுற்றினால் ஒன்றும் வராது.

எழுதும் முன் இஸ்நில் பாருங்கள். நில் என்றால் மேக்மேப்பில் அந்த மேப்பின் டைப்பைக் கொடுத்து ஒரு புதிய மேப் செய்து, செட் மூலம் பழைய இடத்தில் வையுங்கள். இங்கேதான் அந்த இடம் மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும். மேப்பை நேரடியாக வேல்யூஆஃபுக்குக் கொடுத்திருந்தால் செட் பேனிக் ஆகும். மேப்பின் பாயின்டரைக் கொடுத்து, எலெம் எடுத்து வந்திருந்தால் ஆகாது. கேன்செட் கேட்டால் தெரிந்துவிடும். எத்தனை கீ வரும் என்று முன்பே தெரிந்தால், கோ 1.9 முதல் இருக்கும் மேக்மேப்வித்சைஸைப் பயன்படுத்துங்கள்.

நில் வைக்கப் போனேன், கீயே காணாமல் போய்விட்டது. ஏன்?

எனக்குத் தெரிந்து ரிஃப்ளெக்ட் பேக்கேஜில் மேப் சம்பந்தமான மிகப் பொல்லாத பொறி இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மேப்பிலிருந்து ஒரு கீயை அழிக்க ரிஃப்ளெக்ட் பேக்கேஜில் தனி மெத்தட் இல்லை. செட்மேப்இன்டெக்ஸுக்கு மதிப்பாக வெற்று வேல்யூவைக் கொடுத்தால் அதற்குப் பொருள் ‘இந்தக் கீயை அழி’. இது அப்படியே ஆவணத்தில் இருக்கிறது, ஒளித்து வைத்த ரகசியம் இல்லை. இப்போது மேப்[ஸ்ட்ரிங்]எனி ஒன்றில் ‘முகவரி’ என்ற கீக்கு எதிரே நில் வைக்க வேண்டும் என்று வையுங்கள். வேல்யூஆஃப் நில் என்று எழுதுகிறீர்கள். வேல்யூஆஃபுக்கு வெறும் நில்லைக் கொடுத்தால் டைப் எதுவும் தெரியாததால் அது வெற்று வேல்யூவைத்தான் திருப்பித் தர முடியும். அதைச் செட்மேப்இன்டெக்ஸ் வாங்குகிறது. ‘அழிக்கச் சொல்கிறார்கள்’ என்று அழித்துவிட்டுப் போகிறது. கம்பைலரும் பேசாது, பேனிக்கும் இல்லை.

ஜேசானில் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். ‘முகவரி: நல்’ என்று போக வேண்டிய இடத்தில் முகவரி என்ற வரியே போகாது. ‘மதிப்பை நீக்கு’ என்பதற்கும் ‘மதிப்பைத் தொடாதே’ என்பதற்கும் வேறுபாடு காட்டும் ஏபிஐக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

சரியான வழி: மேப்பின் மதிப்பு டைப்பை எடுத்து, ஜீரோ என்ற ஃபங்ஷனுக்குக் கொடுங்கள். அது எனி டைப்பிலான நில்லைத் தரும். அந்த வேல்யூ வெற்று அல்ல, டைப் உண்டு, உள்ளே நில் உண்டு. அதை வைத்தால் கீயும் இருக்கும், நில்லும் இருக்கும். வெளியிலிருந்து எனி வாங்கி மேப்பில் போடும் ஃபங்ஷன் எதுவானாலும், வந்தது நில்லா என்று பார்த்து இந்த வழியில் திருப்பிவிடும் இரண்டு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

மேப்பின் உள்ளே இருக்கும் ஸ்ட்ரக்டின் ஒரு ஃபீல்டை மட்டும் மாற்ற முடியுமா?

நேரடியாக முடியாது. மேப்இன்டெக்ஸ் மூலம் ஸ்ட்ரக்டை எடுத்து, ஃபீல்ட்பைநேம் மூலம் விலை என்ற ஃபீல்டைப் பிடித்து, செட்இன்ட் போட்டால் ‘முகவரி இல்லாத வேல்யூ’ என்று பேனிக் ஆகும். ரிஃப்ளெக்ஷனைக் குறை சொல்லவும் முடியாது. சாதாரண நிரலில் இதையே ஒரே வரியில் எழுதிப் பாருங்கள், கம்பைலரே மறுக்கும்.

காரணம் மேப்பின் அமைப்பில் இருக்கிறது. கீகள் சேரச் சேர மேப் பெரிதாகி, உள்ளே இருக்கும் பதிவுகளைப் புது இடத்துக்கு மாற்றிக்கொள்கிறது. அந்தப் பதிவுகளில் ஒன்றின் முகவரியை வெளியே கொடுத்துவிட்டால், நாளை அங்கே அந்தப் பதிவு இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் கோ மொழி முகவரியே தருவதில்லை. உங்களுக்கு வருவது எப்போதும் நகல்.

ஆகவே நகலை எடு, நகலை மாற்று, திருப்பி வை. நியூ ஃபங்ஷனுக்கு மதிப்பு டைப்பைக் கொடுத்து, வருவதன் எலெம் எடுத்தால் மாற்றத்தக்க ஒரு காலி இடம் கிடைக்கும். பழைய மதிப்பு மேப்பில் இருந்தால் அதைச் செட் மூலம் அதில் நிரப்புங்கள். ஃபீல்டை மாற்றுங்கள். கடைசியாகச் செட்மேப்இன்டெக்ஸ். இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டால் எந்தப் பிழையும் வராமல் மாற்றம் மட்டும் காற்றில் போய்விடும். அதனால் இந்த நான்கு படிகளையும் ஒரே ஃபங்ஷனில் கட்டி வைத்து, மாற்றும் வேலையை மட்டும் வெளியிலிருந்து ஒரு ஃபங்ஷனாக வாங்கிக்கொள்வது நல்லது.

மதிப்பே பாயின்டராக இருந்தால் இந்தச் சுற்று வழி வேண்டாம். மேப்இன்டெக்ஸ், நில் இல்லையா என்று ஒரு பார்வை, எலெம், நேரடியாகச் செட். நகலாவது பாயின்டர்தான், அது சுட்டும் ஸ்ட்ரக்ட் ஒன்றேதான்.

இதே தடை சி ஷார்ப்பிலும் உண்டு. அங்கே டிக்‌ஷனரியில் ஸ்ட்ரக்டை வைத்து, இன்டெக்ஸர் வழியாக ஒரு ஃபீல்டை மாற்றப் போனால் கம்பைலர் தடுத்துவிடும்.

சுற்றுவதற்கு மேப்கீஸா, மேப்ரேஞ்சா?

மேப்ரேஞ்ச். கோ 1.12 பதிப்பில், 2019 பிப்ரவரியில் வந்தது. நெக்ஸ்ட் சொல்லிச் சொல்லி, கீயையும் மதிப்பையும் எடுத்துக்கொள்ளலாம். மேப்கீஸ் எல்லாக் கீகளையும் முதலில் ஒரு ஸ்லைஸாகத் திரட்டுகிறது, அப்புறம் நீங்கள் ஒவ்வொன்றுக்கும் மறுபடி மேப்இன்டெக்ஸ் போட வேண்டும். பெரிய மேப் என்றால் இரட்டைச் செலவு.

மேப்கீஸுக்கு இன்னும் வேலை உண்டு, கீகளை வரிசைப்படுத்த வேண்டும் என்றால். கோ மேப்பைச் சுற்றினால் வரிசைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை, ரிஃப்ளெக்ஷனிலும் இல்லை. ஜேசான் ஆக்கும்போது கீகள் அகர வரிசையில் வருகின்றன, எஃப்எம்டி 1.12 பதிப்பிலிருந்து மேப்பை வரிசையாக அச்சிடுகிறது. அதெல்லாம் அந்தந்த பேக்கேஜ் கீகளைத் திரட்டி வரிசைப்படுத்துவதால் நடப்பது. அதைப் பார்த்துவிட்டு மேப்பே வரிசையாக வரும் என்று நம்பி டெஸ்ட் எழுதினால் அது ஒருநாள் ஓடும், ஒருநாள் விழும்.

வினோதமான ஒரு நிலையும் இருக்கிறது. ஃப்ளோட் கீ உள்ள மேப்பில் ‘எண் அல்ல’ என்ற சிறப்பு மதிப்பு கீயாக இருக்கலாம். அது தனக்குத்தானே சமம் இல்லாத மதிப்பு. மேப்கீஸ் அதைப் பட்டியலில் தரும், ஆனால் அதே கீயை மேப்இன்டெக்ஸுக்குக் கொடுத்தால் கிடைக்காது. அழிக்கவும் முடியாது. மேப்ரேஞ்ச் அதன் மதிப்பையும் சேர்த்தே தந்துவிடும். மேப்பை முழுதாகக் காலி செய்ய 1.21 பதிப்பில் வந்த கிளியர், அதையும் சேர்த்துத் துடைக்கும்.

சுற்றிக்கொண்டிருக்கும்போதே கீகளை அழிக்கலாமா?

அழிக்கலாம். இன்னும் வராத கீயை அழித்தால் அது வராது. புதிதாகச் சேர்த்த கீ இந்தச் சுற்றில் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். மொழியின் வழக்கமான விதிதான்.

இதுவரை நிரலில் எங்குமே எழுதாத மேப் டைப்பை ஓடும்போது உருவாக்க முடியுமா?

முடியும். மேப்ஆஃபுக்குக் கீ டைப்பும் மதிப்பு டைப்பும் கொடுத்தால் மேப் டைப் வரும். அதை மேக்மேப்புக்குக் கொடுத்தால் மேப் வரும். ஸ்ட்ரிங்கையும் இன்ட்டையும் கொடுத்து இப்படிச் செய்தது, நீங்கள் கையால் எழுதும் மேப்[ஸ்ட்ரிங்]இன்ட் உடன் அச்சு அசலாக ஒரே டைப். இன்டர்ஃபேஸ் மெத்தட் மூலம் வெளியே எடுத்து டைப் அசெர்ஷன் போட்டால் ஒத்துக்கொள்ளும்.

ஒப்பிட முடியாத டைப் கீயாக முடியாது. ஸ்லைஸ், மேப், ஃபங்ஷன் மூன்றும் இதில் அடக்கம். கொடுத்தால் மேப்ஆஃப் பேனிக் ஆகும். டைப்பிடம் கம்பேரபிள் என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. ஆனால் கீ டைப் எனி என்றால் இந்தச் சோதனை ‘சரி’ என்றுதான் சொல்லும். பின்னால் யாராவது ஒரு ஸ்லைஸை எனி உறையில் போட்டுக் கீயாகக் கொடுக்கும்போது ரன்டைமில் வெடிக்கும்.

பெயரிட்ட டைப்பை மேப்ஆஃப் உருவாக்காது. ஹெடர் வேண்டும் என்றால் ஹெடரின் டைப்பையே மேக்மேப்புக்குக் கொடுங்கள், மெத்தட்களும் கூட வரும்.

ஹெடரில் ரிஃப்ளெக்ஷன் மூலம் எழுதினேன். கெட் போட்டால் கிடைக்கவில்லையே?

ஹெடரின் செட் மெத்தட் கீயை ஒரு நிலையான வடிவத்துக்கு மாற்றி வைக்கிறது. ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பெரிய எழுத்து, மற்றவை சிறிய எழுத்து. கெட் மெத்தடும் அந்த வடிவத்தில்தான் தேடுகிறது. நீங்கள் செட்மேப்இன்டெக்ஸ் மூலம் எல்லாம் சிறிய எழுத்தில் ‘கன்டென்ட்-டைப்’ என்று வைத்தால் அது அப்படியே உட்காரும், கெட் அதைப் பார்க்காது.

பெயரிட்ட மேப் டைப் எதுவாக இருந்தாலும், அதற்கு மெத்தட் இருந்தால் ஏதோ காரணத்துக்காகத்தான் இருக்கிறது. ரிஃப்ளெக்ஷன் அந்த மெத்தட்களைச் சுற்றிக்கொண்டு நேரே உள்ளே போகிறது. உங்கள் லைப்ரரியில் கைண்ட் மேப் என்று கண்டதும் பாய்ந்துவிடாமல், அந்த டைப் ஏதாவது இன்டர்ஃபேஸை நிறைவு செய்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜேசான் பேக்கேஜ் அப்படித்தான் செய்கிறது. அன்மார்ஷலர் இருந்தால் அதற்கே வேலையைக் கொடுத்துவிடும்.

ஜேசான் பேக்கேஜ் ஏற்கெனவே நிரம்பிய மேப்பை என்ன செய்யும்?

காலி செய்யாது. இருக்கும் கீகளை விட்டுவிட்டு, ஜேசானில் வந்தவற்றைச் சேர்க்கும். அதே கீ வந்தால் அதன் மதிப்பு முழுதாக மாற்றப்படும். மதிப்பு ஸ்ட்ரக்டாக இருந்தாலும் பழையதோடு ஃபீல்ட் ஃபீல்டாகக் கலக்காது, புதிய காலி ஸ்ட்ரக்டை நிரப்பி வைக்கும். ஸ்ட்ரக்டுக்குள் ஸ்ட்ரக்ட் இருந்தால் கலக்கும், மேப்புக்குள் ஸ்ட்ரக்ட் இருந்தால் கலக்காது. கான்ஃபிக் கோப்புகளை அடுக்கடுக்காக ஏற்றுபவர்களுக்கு இந்த வித்தியாசம் உறைக்கும். ‘இயல்புநிலைகளை முதலில் மேப்பில் வைத்துவிட்டு, மேலே கோப்பை ஏற்றினால் போதும்’ என்று நினைத்தால், கோப்பில் சொல்லாத ஃபீல்ட்களின் இயல்புநிலை போய்விடும்.

கீ ஸ்ட்ரிங்காக மட்டும்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1.7 பதிப்பிலிருந்து முழு எண் வகைகளும், டெக்ஸ்ட் அன்மார்ஷலர் உள்ள டைப்களும் கீயாகலாம். மதிப்பு எனி என்றால் எண்களெல்லாம் ஃப்ளோட்64 ஆக வரும். 9007199254740992 ஐத் தாண்டிய எண் அதில் துல்லியமாக நிற்கும் என்ற உறுதி இல்லை. நீளமான ஐடி எண்கள் வரும் என்றால் டீகோடரில் யூஸ்நம்பரை இயக்கிவிடுங்கள்.

டீப்ஈக்குவல் இரண்டு மேப்பும் வேறு என்கிறது. அச்சிட்டால் ஒரே மாதிரி இருக்கிறது!

ஒன்று நில் மேப், இன்னொன்று காலி மேப்பாக இருக்கலாம். அச்சில் இரண்டும் ஒன்று, டீப்ஈக்குவலுக்கு இரண்டும் வேறு. இல்லையென்றால் ஒரு பக்கம் இன்ட் 5, மறுபக்கம் ஜேசானிலிருந்து வந்த ஃப்ளோட்64 ஐந்து. கீ பாயின்டராக இருந்தாலும் இப்படி ஆகும். மதிப்புகளை ஆழமாக ஒப்பிடும் டீப்ஈக்குவல், கீகளை மட்டும் மொழியின் சாதாரணச் சமத்தால்தான் பொருத்துகிறது. பாயின்டர் கீ என்றால் முகவரி ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆழமாக நகலெடுக்கும் ஃபங்ஷன் முடிவில்லாமல் ஓடுகிறது.

மேப் தன்னையே உள்ளே வைத்திருக்கலாம். மேப்[ஸ்ட்ரிங்]எனி யில் அதே மேப்பை மதிப்பாக வைக்க மொழி தடை சொல்வதில்லை. நகலெடுக்கும்போது, பார்த்த மேப்பின் பாயின்டர் எண்ணைக் கீயாகவும், அதற்குச் செய்த நகலை மதிப்பாகவும் ஒரு தனி மேப்பில் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே இறங்கும் முன்பே குறிக்க வேண்டும், இறங்கி வந்த பிறகு அல்ல. நில் மேப்பை நில்லாகவே நகலெடுங்கள், இல்லையென்றால் மேலே சொன்ன டீப்ஈக்குவல் வம்பு வரும்.

சிறிய எழுத்தில் தொடங்கும் ஃபீல்டில் உள்ள மேப்பைத் தொடலாமா?

படிக்கலாம், சுற்றலாம், நீளம் கேட்கலாம். எழுதினால் பேனிக், இன்டர்ஃபேஸ் மெத்தடால் வெளியே எடுத்தாலும் பேனிக். அன்சேஃப் பேக்கேஜால் இதைத் தாண்டும் தந்திரங்கள் உண்டு. அந்த ஃபீல்டை எழுதியவர் அதை மறைத்தது உங்களிடமிருந்துதான், விட்டுவிடுங்கள்.

பல கோரூட்டீன்கள் ஒரே மேப்பை ரிஃப்ளெக்ஷனில் தொட்டால்?

சாதாரண மேப்புக்கு உள்ள அதே ஆபத்து. ஒரே நேரத்தில் எழுதுவதை ரன்டைம் கண்டுபிடித்தால் நிரலையே நிறுத்திவிடும். அது பேனிக் அல்ல, ரிகவர் போட்டுப் பிடிக்க முடியாது. பூட்டு உங்கள் பொறுப்பு.

மெதுவாக இருக்குமே?

இருக்கும். மேப்இன்டெக்ஸ் ஒவ்வொரு முறையும் மதிப்பை நகலெடுக்கிறது, அதற்காக நினைவகம் ஒதுக்க வேண்டி வரலாம். சுற்றும்போது இதைக் குறைக்க 1.18 பதிப்பில் செட்இட்டர்கீ, செட்இட்டர்வேல்யூ என்று இரண்டு மெத்தட் வந்தன. முன்பே செய்து வைத்த ஒரு இடத்திலேயே ஒவ்வொரு கீயையும் மதிப்பையும் நிரப்பித் தருபவை அவை. நிரல் தொடங்கும்போது ஒருமுறை கான்ஃபிக் படிக்கிற இடத்தில் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஓடும் இடத்தில், மேப்[ஸ்ட்ரிங்]ஸ்ட்ரிங், மேப்[ஸ்ட்ரிங்]எனி போன்ற அடிக்கடி வரும் டைப்களை டைப் ஸ்விட்சில் முதலிலேயே பிடித்து நேரடி நிரலுக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தை மட்டும் ரிஃப்ளெக்ஷனுக்கு விடுங்கள். எதற்கும் பெஞ்ச்மார்க் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஜாவாவிலிருந்து வருகிறேன். அங்கே மேப்பிடம் கீ டைப் கேட்க முடியாதே?

ஆமாம். ஜாவாவில் ஜெனரிக் டைப் விவரம் ஓடும்போது அழிக்கப்பட்டிருக்கும். ஸ்ட்ரிங்-இன்டீஜர் ஹேஷ்மேப்பும் டேட்-டபுள் ஹேஷ்மேப்பும் ஓடும்போது வெறும் ஹேஷ்மேப்தான். ஃபீல்டின் அறிவிப்பில் மட்டும் அந்த விவரம் மிஞ்சியிருக்கும். ஜாவாவின் ஜேசான் லைப்ரரிகளான ஜாக்சனில் டைப்ரெஃபரன்ஸ், ஜிசானில் டைப்டோக்கன் என்று பெயரில்லாத துணை வகுப்பு ஒன்றை உருவாக்கச் சொல்வது, அறிவிப்பில் மிஞ்சும் அந்த விவரத்தைப் பிடிப்பதற்காகத்தான். கோ மொழியில் காலி மேப்பிடம்கூட, நில் மேப்பிடம்கூட, கீ டைப்பைக் கேட்கலாம். சி ஷார்ப்பும் இந்த விஷயத்தில் கோ பக்கம்தான். மேப்ஆஃபுக்கு இணையாக அங்கே மேக்ஜெனரிக்டைப் இருக்கிறது.

1.24 பதிப்பில் மேப்பின் உள் அமைப்பே மாறிவிட்டதாமே, என் ரிஃப்ளெக்ஷன் நிரல் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. 2025 பிப்ரவரியில் வந்த அந்தப் பதிப்பில் மேப் ‘ஸ்விஸ் டேபிள்’ என்ற அமைப்புக்கு மாறியது. ரிஃப்ளெக்ட் பேக்கேஜின் மெத்தட்கள் முன்பு சொன்னதையே இப்போதும் சொல்கின்றன. பழைய உள் அமைப்பை அன்சேஃப் வழியாக நேரடியாகப் படித்துக்கொண்டிருந்த நிரல்களுக்குத்தான் வேலை வந்தது. உங்கள் நிரலில் அப்படி ஒன்று இருந்தால் 1.24 க்கு மாறும் முன் அதை மேப்ரேஞ்சுக்கு மாற்றிவிடுங்கள்.